புதைத்த அணுக்கழிவும் நிலத்தடி நீரும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நிலத்தடி நீர் பற்றிப் பேசக் கூப்பிடுகிற இடங்களில் மழைநீர் சேகரிப்பு, உப்புத் தண்ணீர், போர்வெல் எல்லாம் பேசி முடித்த பிறகு, கடைசி வரிசையிலிருந்து யாராவது ஒருவர் எழுந்து அணுக்கழிவைப் பற்றிக் கேட்பார். பல வருடங்களாக ஏறக்குறைய அதே சந்தேகங்கள். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பதில்களில் ஹான்ஃபோர்டு என்ற பெயர் அடிக்கடி வரும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் 1943-ல் தொடங்கிய புளூட்டோனியத் தொழில் வளாகம் அது. நாகசாகியில் விழுந்த குண்டுக்கான புளூட்டோனியம் அங்கேதான் உருவானது. கழிவு மண்ணுக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்பதை அங்கே பல பத்தாண்டுகளாக நூற்றுக்கணக்கான கிணறுகள் வைத்து அளந்து, கணக்கு தப்பிய இடங்களையும் வெளியிட்டிருக்கிறார்கள். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

"அணுக்கழிவுன்னா பச்சையா மின்னுற ஒரு திரவம்தானே? பீப்பாயிலிருந்து ஒழுகுமே, அதுதானே?"

அப்படி ஒரு பச்சைத் திரவம் கிடையாது. உலையில் பயன்பட்டு முடிந்த எரிபொருள் ஒரு திடப்பொருள். விரல் நுனி அளவிலான யுரேனியம் ஆக்சைடு வில்லைகள், பீங்கான் போலக் கெட்டியாக, நீண்ட உலோகக் குழாய்களுக்குள் அடுக்கப்பட்டிருக்கும். சில நாடுகள் அதை அப்படியே புதைக்க நினைக்கின்றன. இந்தியா அமிலத்தில் கரைத்து, வேண்டியதைப் பிரித்தெடுத்து, மிஞ்சும் திரவத்தைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கிக் கட்டியாக்குகிறது. டிராம்பே, தாராப்பூர், கல்பாக்கம் மூன்று இடங்களிலும் அதற்கான ஆலைகள் இருக்கின்றன. இவை போக, கையுறை, வடிகட்டி, பழைய குழாய் என்று வீரியம் குறைந்த கழிவும் நிறைய உண்டு.

திரவமாகவே விட்டுவைத்த இடங்களில்தான் பெரிய சிக்கல்கள் வந்தன. ஹான்ஃபோர்டில் பூமிக்கடியில் 177 தொட்டிகள், அவற்றில் சுமார் 21 கோடி லிட்டர் கழிவு. 67 தொட்டிகள் கசிந்ததாக உறுதியானது அல்லது சந்தேகிக்கப்பட்டது. வெளியேறியது சுமார் 40 லட்சம் லிட்டர். ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. வீரியம் குறைவு என்று சொல்லி, தெரிந்தே மண்ணில் விட்ட கழிவுநீர் சுமார் 1.7 லட்சம் கோடி லிட்டர். வறண்ட நிலம், நீர்மட்டம் 60 முதல் 90 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, நடுவில் உள்ள மண் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். சிலவற்றைப் பிடித்தது. சிலவற்றை விட்டுவிட்டது. எதை, ஏன் என்பதுதான் கீழே வரும் பதில்களின் விஷயம்.

"பூமிக்கு அடியில தண்ணி ஆறு மாதிரி ஓடுதுன்னு சொல்றாங்களே, அதுல விழுந்தா மறுநாளே ஊர் கிணத்துக்கு வந்துடாதா?"

சுண்ணாம்புப் பாறைக் குகைகளில் அப்படி ஓடுவது உண்டு. மற்ற இடங்களில் நிலத்தடி நீர் என்பது மணலின் இடுக்குகளிலும் பாறை வெடிப்புகளிலும் நிறைந்திருக்கும் நீர். அது ஓடுவதில்லை, ஊர்கிறது. நல்ல மணலில் ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை போகலாம். இறுகிய களிமண்ணில் ஒரு வருடத்துக்கு மில்லிமீட்டர் கணக்கு. 1856-ல் பிரான்சின் திஜோன் நகரத்தில் குடிநீர் வேலை பார்த்த ஆன்றி தார்சி என்ற பொறியாளர், மணல் நிரப்பிய குழாயில் தண்ணீர் விட்டு இதற்கான விதியைக் கண்டுபிடித்தார். சரிவு எவ்வளவு, மண் எவ்வளவு வழி விடுகிறது என்ற இரண்டும் தெரிந்தால் வேகம் தெரியும்.

பாறையில் கணக்கு சிக்கலாகும். நம் ஊர்களில் பார்த்திருப்பீர்கள்: ஒருவர் 800 அடி போட்டும் வெறும் புகைதான் பறக்கும், பக்கத்துத் தோட்டத்தில் 200 அடியிலேயே தண்ணீர் பீய்ச்சும். தண்ணீர் வெடிப்பு இருக்கிற வழியில் மட்டும் போகிறது என்பதுதான் காரணம். கழிவைப் புதைக்க இடம் தேடுகிறவர்களின் பாதி வேலை அந்த வெடிப்புகளைத் தேடுவதும், அவற்றை விட்டு விலகுவதும்தான்.

"சரி, தண்ணி போற வேகத்துலதானே கதிரியக்கமும் போகும்?"

இல்லை. இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

திருவிழாக் கடைத்தெருவில் குழந்தையோடு நடந்து பாருங்கள். கூட்டம் ஒரு வேகத்தில் நகர்கிறது. குழந்தை பலூன் கடையில் நிற்கும், பொரி கடையில் நிற்கும், இழுத்துக்கொண்டு வந்தால் வளையல் கடையில் நிற்கும். கூட்டம் தேரடிக்குப் போய்விடும், குழந்தை பாதித் தெருவைக்கூடத் தாண்டியிருக்காது. தண்ணீரில் கரைந்த தனிமங்களும் அப்படித்தான். களிமண் துகள்களின் மேற்பரப்பில் எதிர்மின் சுமை இருக்கிறது. நேர்மின் சுமை உள்ள சீசியமும் ஸ்ட்ரான்சியமும் அங்கே ஒட்டும், விடும், மறுபடி ஒட்டும். ஒட்டுவதும் விடுவதுமாகப் போவதால் தண்ணீரைவிடப் பல மடங்கு பின்தங்கும்.

எவ்வளவு பின்தங்கும் என்பதற்கு ஒரு எண் உண்டு, பகிர்வுக் கெழு என்பார்கள். மண்ணில் ஒட்டியிருப்பதற்கும் நீரில் கரைந்திருப்பதற்குமான விகிதம் அது. சாதாரண மணல் மண்ணில், தண்ணீர் வருடத்துக்கு 30 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கெழு பூஜ்யமாக உள்ள பொருளும் 30 மீட்டர் போகும். கெழு 10 என்றால் சுமார் 73 சென்டிமீட்டர்தான். கெழு 1,000 என்றால் ஏழெட்டு மில்லிமீட்டர். தண்ணீர் ஒன்றுதான், மண் ஒன்றுதான், வருடமும் ஒன்றுதான்.

"அப்போ எது எது நிக்காம ஓடும்?"

முதலில் டிரிட்டியம். அது ஹைட்ரஜனின் ஐசோடோப்பு, அதாவது அதே தனிமத்தின் எடை கூடிய, கதிரியக்கமுள்ள வகை. தண்ணீர் மூலக்கூறுக்குள்ளேயே ஹைட்ரஜனின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். அதாவது அது தண்ணீரில் கலந்த பொருள் இல்லை, தண்ணீரே அதுதான். எந்தக் கடையிலும் நிற்காது. ஹான்ஃபோர்டின் நடுமேட்டில் விட்ட டிரிட்டியம் பல கிலோமீட்டர் கடந்து கொலம்பியா ஆற்றை எட்டிவிட்டது.

அடுத்து எதிர்மின் அயனிகளாக இருப்பவை. காற்றோட்டமுள்ள நீரில் டெக்னீசியம்-99 நான்கு ஆக்சிஜனோடு சேர்ந்து பெர்டெக்னேட்டாக இருக்கும். அயோடின்-129 பெரும்பாலும் அயோடைடாகவோ அயோடேட்டாகவோ இருக்கும். களிமண்ணின் சுமையும் எதிர்மின், இவையும் எதிர்மின். ஒன்றையொன்று தள்ளுவதால் ஒட்டுவது மிகக் குறைவு. குளோரின்-36 இதே வகை. நெப்டூனியமும் ஆக்சிஜன் உள்ள நீரில் நன்றாக நகரும்.

யுரேனியம் இடத்துக்கு ஏற்ப மாறுகிற தனிமம். ஆக்சிஜனும் கார்பனேட்டும் உள்ள நீரில் கரைந்து நகரும். ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் கனிமமாகப் படிந்துவிடும். ஸ்ட்ரான்சியம்-90 மிதமாக ஒட்டும். சீசியம்-137, புளூட்டோனியம், அமெரிசியம் மூன்றும் பலமாக ஒட்டும். சீசியத்துக்கு மைக்கா வகைக் களிமண்ணின் அடுக்கு ஓரங்கள் அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்துகின்றன. உள்ளே போனால் லேசில் வெளியே வராது.

"அரை ஆயுள் குறைவா இருந்தா ஆபத்து இல்லைன்னு ஒருத்தர் சொன்னார். நிறைய இருந்தா ஆபத்து இல்லைன்னு இன்னொருத்தர் சொன்னார். யாரை நம்புறது?"

இருவரும் பாதிதான் சொல்கிறார்கள். ஒரு கதிரியக்கப் பொருள் சிதைந்து பாதியாகக் குறைய ஆகும் காலம்தான் அரை ஆயுள். அரை ஆயுள் குறைவு என்றால் வீரியம் அதிகம், ஆனால் சீக்கிரம் அடங்கும். நீண்டது என்றால் கிராமுக்கு வீரியம் குறைவு, ஆனால் காத்திருந்து பயனில்லை. நிலத்தடி நீரைப் பொறுத்தவரை கேட்க வேண்டியது வேறு: போய்ச் சேர ஆகும் காலம் பெரிதா, சிதைய ஆகும் காலம் பெரிதா?

முந்தைய கணக்கையே எடுப்போம். புதைத்த இடத்திலிருந்து 3 கிலோமீட்டரில் ஒரு கிணறு, தண்ணீர் வருடத்துக்கு 30 மீட்டர். தண்ணீர் வந்து சேர 100 வருடம். டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 வருடம், அதாவது வழியிலேயே எட்டு முறை பாதியாகி, 256-ல் ஒரு பங்குதான் கிணற்றுக்கு வரும். கெழு 10 உள்ள ஸ்ட்ரான்சியம்-90 வர 4,100 வருடம் வேண்டும். அதன் அரை ஆயுள் சுமார் 29 வருடம். கிணற்றுக்கு எதுவுமே மிஞ்சாது. டெக்னீசியம்-99 டிரிட்டியத்தோடு சேர்ந்தே 100 வருடத்தில் வந்துவிடும், ஆனால் அதன் அரை ஆயுள் 2.1 லட்சம் வருடம். புறப்பட்டது அப்படியே வந்து சேரும். அயோடின்-129-க்கு 1.57 கோடி வருடம்.

செய்திகளில் புளூட்டோனியம்தான் பெயர் வாங்குகிறது. பல நாடுகளின் புதைகுழி ஆய்வு அறிக்கைகளில், தொலைவான காலத்துக் கிணற்றுக்கு வந்து சேரும் பட்டியலில் முன்னால் நிற்பவை அயோடின்-129, குளோரின்-36 போன்ற அமைதியான பெயர்கள். இன்னொரு நுணுக்கமும் உண்டு. அமெரிசியம்-241 பலமாக ஒட்டும், அரை ஆயுள் 432 வருடம்தான். அது சிதைந்தால் பிறப்பது நெப்டூனியம்-237: அரை ஆயுள் 21 லட்சம் வருடம், நகரவும் செய்யும். தாய் அசையாமல் இருந்தாலும் பிள்ளை ஊர் சுற்றலாம். அதனால் குடும்பம் முழுவதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

"சீசியம் ஒட்டிக்கும்னு சொன்னீங்க. ஹான்ஃபோர்டுல அது ஆழமா இறங்கிடுச்சாமே?"

உண்மை. சில தொட்டிகளுக்கு அடியில் எதிர்பார்த்ததைவிட ஆழமாகப் போயிருந்தது. காரணத்தை அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். போர்வெல் தண்ணீருக்குச் சாஃப்ட்னர் வைத்திருப்பீர்கள். அதிலுள்ள பிசின் கால்சியத்தைப் பிடித்து வைக்கும். நிறைந்ததும் மூட்டை உப்பைக் கரைத்து ஊற்றுவார்கள். சோடியம் வெள்ளமாக வந்து கால்சியத்தைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஹான்ஃபோர்டின் தொட்டித் திரவம் சோடியம் நைட்ரேட்டும் காரமும் நிறைந்த அடர்த்தியான கரைசல். அது மண்ணில் இறங்கியபோது சீசியம் உட்கார வேண்டிய இடங்களில் எல்லாம் சோடியம் போட்டியிட்டது. சீசியம் கரைசலோடு கீழே போனது. சோடியம் நீர்த்துப்போன பிறகு நின்றுகொண்டது.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள ஓக் ரிட்ஜ் அணு ஆய்வு வளாகத்தில் இதே பாடம் வேறு உருவத்தில் வந்தது. அங்கே கழிவு அகழிகளிலிருந்து கோபால்ட்-60 நகர்ந்துகொண்டிருந்தது. மண்ணில் தங்க வேண்டிய தனிமம் அது. உபகரணங்களைக் கழுவப் பயன்படுத்திய இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளும் அதே அகழியில் இருந்தது. அது உலோக அயனியை நண்டு கவ்வுவது போலச் சுற்றிப் பிடித்து, மண்ணில் ஒட்ட விடாமல் தண்ணீரோடு கூட்டிப்போகிறது. 1978-ல் இது வெளியானது. அதனால் யாராவது ஒரு தனிமத்துக்கு ஒரே ஒரு கெழுவைச் சொல்லி முடித்தால், எந்த மண்ணில், எந்தக் கரைசலில், கூட என்ன இருந்தது என்று கேளுங்கள்.

"புளூட்டோனியம் தண்ணியில கரையவே கரையாதாம். அப்புறம் நெவாடாவுல ஒரு கிலோமீட்டர் தாண்டி எப்படிக் கிடைச்சது?"

நெவாடா கழிவு புதைத்த இடம் இல்லை, நிலத்தடியில் அணுகுண்டு சோதித்த இடம். ஆனால் கேள்வி சரியானது. 1968 டிசம்பரில் பஹூட் மேசாவில் சுமார் 1,400 மீட்டர் ஆழத்தில் பென்ஹம் என்ற சோதனை நடந்தது. சுமார் 30 வருடம் கழித்து, 1.3 கிலோமீட்டர் தள்ளியிருந்த கிணறுகளில் புளூட்டோனியம் இருந்தது. பக்கத்திலேயே வேறு சோதனையும் நடந்திருக்கிறதே, அதிலிருந்து வந்திருக்கலாமே என்று தோன்றும். புளூட்டோனியம்-239-க்கும் 240-க்கும் உள்ள விகிதம் ஒவ்வொரு குண்டுக்கும் கைரேகை மாதிரி. அது பென்ஹம்மோடுதான் பொருந்தியது. 1999-ல் இந்த முடிவு வெளியானது.

அது கரைந்து வரவில்லை, சவாரி செய்து வந்தது. நிலத்தடி நீரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள், அதாவது கூழ்மங்கள், மிதக்கின்றன: களிமண் துணுக்கு, சியோலைட், இரும்பு ஆக்சைடு. பலமாக ஒட்டும் குணம் புளூட்டோனியத்துக்கு உண்டு என்று மேலே சொன்னேன். ஒட்டிய துகளே நகர்ந்தால்? ரஷ்யாவின் மாயாக் அணுத் தொழில் வளாகத்தில் இரும்பு ஆக்சைடு துகள்களின் மேல் ஏறிப் புளூட்டோனியம் 3 கிலோமீட்டருக்கு மேல் போயிருந்ததாக 2006-ல் ஆய்வு வந்தது. நெவாடாவில் கிடைத்த அளவு மிக மிகக் குறைவு, குடித்தால் ஆபத்து என்ற எல்லைக்கு வெகு கீழே. ஆனாலும் அந்த ஆய்வுக்குப் பிறகு கூழ்மத்தை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட யாராலும் முடியவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

"எங்க போர்வெல் தண்ணியில யுரேனியம் இருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. பக்கத்துல அணுக்கழிவு ஏதாவது புதைச்சிருக்காங்களா?"

அநேகமாக இல்லை. கிரானைட் பாறையில் இயற்கையாகவே யுரேனியம் இருக்கிறது. பைகார்பனேட் அதிகமுள்ள நீர் அதைக் கரைத்து எடுக்கும். பஞ்சாபிலும் ராஜஸ்தானிலும் பல கிணறுகளில் அளவு மீறியிருப்பதற்குப் பாறையும் மண்ணும் நீரின் வேதியியலும் காரணம். உரத்திலிருந்து இறங்கும் நைட்ரேட்டும் நீர்மட்டம் சரிவதும் அதைக் கூட்டுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். கதிர்வீச்சைவிட, ஒரு கன உலோகமாகச் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதற்காக வைத்த அளவு அது.

கழிவிலிருந்து வந்ததா என்று கண்டுபிடிக்க வழி உண்டு. இயற்கை யுரேனியத்தில் யுரேனியம்-236 கிட்டத்தட்ட இருக்காது, அது உலையில் உருவாவது. யுரேனியம்-235-இன் பங்கும் இயற்கையில் 0.72 சதவீதத்தில் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். இந்த இரண்டையும் பார்க்கும் ஆய்வகம் பதில் சொல்லிவிடும். கைரேகை என்று நெவாடா விஷயத்தில் சொன்னது இங்கேயும் பொருந்தும். கழிவு இல்லை என்று தெரிந்தாலும் நிம்மதியாக அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். 30-ஐத் தாண்டியிருந்தால் எங்கிருந்து வந்தாலும் சிறுநீரகத்துக்கு ஒன்றுதான்.

"நல்லா கொதிக்க வெச்சுக் குடிச்சா போயிடுமா? ஆர்.ஓ. போட்டா?"

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், அணு சாகாது. ஆவியாகும் தண்ணீர் போக, மிச்சத்தில் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. யுரேனியத்தையும் பெரும்பாலான கரைந்த உப்புகளையும் நன்றாகவே பிரிக்கும். டிரிட்டியத்தை எந்த வீட்டு வடிகட்டியும் பிரிக்காது. அது தண்ணீராகவே இருக்கிறது என்று முன்பு சொன்ன அதே காரணம்.

"நிலத்துக்குள்ள பரவினதைத் திரும்ப எடுக்க முடியாதா? மோட்டார் போட்டு இறைச்சா?"

ஓடுவதை இறைக்கலாம், ஒட்டியதை இறைக்க முடியாது. ஹான்ஃபோர்டின் நடுமேட்டில் 2012-லிருந்து ஒரு பெரிய ஆலை நிலத்தடி நீரை இறைத்து, டெக்னீசியம் உள்ளிட்ட பலவற்றைப் பிரித்து, நீரைத் திரும்ப உள்ளே விடுகிறது. நன்றாகவே வேலை செய்கிறது. ஆற்றங்கரையில், 'என்' (N) என்ற பெயருள்ள பழைய அணு உலைக்குப் பக்கத்தில் ஸ்ட்ரான்சியம்-90-க்கும் 1995-லிருந்து இதையே செய்து பார்த்தார்கள். பத்து வருடத்துக்கு மேல் இறைத்ததில் கிடைத்தது மிகச் சொற்பம். அதே காலத்தில் சும்மா விட்டிருந்தாலே சிதைவில் அதைவிட அதிகம் குறைந்திருக்கும். ஸ்ட்ரான்சியம் தண்ணீரில் இருக்கவில்லை, மண்ணில் இருந்தது.

பிறகு செய்தது எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஸ்ட்ரான்சியம் வேதியியலில் கால்சியத்தின் தங்கை. அதனால்தான் உடம்புக்குள் போனால் எலும்பில் போய் உட்கார்கிறது. எலும்பின் கனிமம் அப்பட்டைட் வகையைச் சேர்ந்தது. கால்சியம், சிட்ரேட், பாஸ்பேட் கலந்த கரைசலைக் கரையோரக் கிணறுகள் வழியே செலுத்தி, மண்ணுக்குள்ளேயே அப்பட்டைட்டை வளர வைத்தார்கள். ஆற்றை நோக்கி வரும் ஸ்ட்ரான்சியம் அந்தக் கனிமத்துக்குள் கால்சியத்தின் இடத்தில் புகுந்து நின்றுவிடும். சிதைந்து முடியும் வரை, சுமார் 300 வருடம், அங்கேயே இருந்தால் போதும். நம் எலும்பில் நுழைய வைக்கும் அதே குணத்தை வைத்தே ஆற்றங்கரையில் வேலி போட்டிருக்கிறார்கள்.

"அரை கிலோமீட்டர் ஆழத்துல புதைக்கிறதால என்ன வித்தியாசம்? அங்கேயும் தண்ணி இருக்குமே?"

இருக்கும். ஆனால் வேறு தண்ணீர். ஆழத்தில் சரிவு குறைவு, வெடிப்பும் குறைவு, அதனால் ஊர்வதும் மெதுவாக. அதைவிட முக்கியம், அங்கே ஆக்சிஜன் இல்லை. மேலே மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களும் இரும்புக் கனிமங்களும் அதைத் தின்று தீர்த்துவிடுகின்றன. ஆக்சிஜன் இல்லாத நீரில் யுரேனியம் ஆக்சைடு கரைவது மிகக் குறைவு. மேலே துள்ளி ஓடிய டெக்னீசியம் அங்கே கரையாத ஆக்சைடாகப் படியும். நெப்டூனியமும் அடங்கிவிடும். அயோடினும் குளோரினும் மட்டும் இந்த மாற்றத்துக்கு மசியாதவை.

பின்லாந்தின் ஓல்கிலுவோட்டோ தீவில், சுமார் 190 கோடி வருடம் பழைய பாறையில், 400 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் ஓன்கலோ என்ற புதைகுழியை 2004-லிருந்து தோண்டினார்கள். எரிபொருள் வார்ப்பிரும்புக்குள் இருக்கும், அதைச் சுற்றி 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள செம்பு, செம்பைச் சுற்றி பெண்டோனைட் களிமண். இந்தக் களிமண் ஈரம் பட்டதும் ஊதி, இண்டு இடுக்கையெல்லாம் அடைத்துக்கொள்ளும். அதற்குள் தண்ணீர் ஓட முடியாது. கரைந்தது எதுவானாலும் விரவி விரவித்தான் நகர வேண்டும், மை சொட்டு ஆடாத நீரில் பரவுவது போல, அதைவிட மெதுவாக. தாண்டி வந்தாலும் வெடிப்பின் இரு பக்கப் பாறையிலும் உள்ள நுண்துளைகளுக்குள் விரவிப் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

இதிலும் திறந்த கேள்விகள் உண்டு. அடுத்த பனியூழி முடியும்போது உருகும் பனிநீர் உப்பே இல்லாமல் ஆழத்துக்கு இறங்கினால், பெண்டோனைட் நீர்த்துக் கூழ்மமாகக் கரைந்து போகலாம். கூழ்மம் என்ன செய்யும் என்று பார்த்தோம். ஸ்வீடனில் இதே முறைத் திட்டத்தின் செம்பு அரிப்பு பற்றிய சந்தேகத்தால், நிலம் மற்றும் சுற்றுச்சூழல் நீதிமன்றம் 2018-ல் கூடுதல் விளக்கம் கேட்டது. 2022-ல் அரசு அனுமதித்தது. அப்படி வெளிப்படையாக எதிர்க்கேள்வி கேட்கும் நடைமுறை இருப்பது பெண்டோனைட்டைப் போலவே ஒரு பாதுகாப்பு என்று நினைக்கிறேன்.

"ஏற்கெனவே தோண்டி வெச்ச பழைய சுரங்கம் இருக்கே, அதுல போட்டா செலவு மிச்சம்தானே? கோலார்ல போடப் போறதா பேச்சு வந்துச்சே?"

கூடங்குளம் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது, 2012-ல் கோலார் தங்கவயலின் பெயர் அடிபட்டது. அங்கே எதிர்ப்பு கிளம்பியது. அப்படித் திட்டம் இல்லை என்று அரசுத் தரப்பு சொன்னது. இந்தியாவில் இதுவரை ஆழப் புதைகுழி எதுவும் இல்லை. கண்ணாடிக் கட்டிகள் கண்காணிப்புக் கிடங்கில் வைக்கப்படுகின்றன.

நீரியல் கண்ணோடு மட்டும் பார்த்தாலும் பழைய சுரங்கம் எனக்கு ஒப்பாது. தாது எங்கே இருக்கிறதோ அங்கேதான் சுரங்கம் தோண்டுவார்கள். தாது பெரும்பாலும் பாறை உடைந்து, பழங்காலத்தில் சூடான நீர் ஓடிய இடங்களில் படிந்திருக்கும். அதாவது தண்ணீருக்குப் பழக்கமான வழியிலேயே உட்கார்கிறோம். கோலார் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம், ஏராளமான சுரங்கப் பாதைகள். 2001-ல் மூடி இறைப்பதை நிறுத்தியதும் தண்ணீர் ஏறத் தொடங்கியது.

ஜெர்மனியின் ஆஸ்ஸே என்ன ஆனது என்று பாருங்கள். பழைய உப்புச் சுரங்கம் அது. உப்பு இருக்கிறது என்றால் தண்ணீர் வந்ததில்லை என்று அர்த்தம், அந்த நியாயம் நல்லதுதான். 1967-லிருந்து 1978 வரை சுமார் 1.26 லட்சம் பீப்பாய் வீரியம் குறைந்த, இடைநிலைக் கழிவுகளை இறக்கினார்கள். ஆனால் பல பத்தாண்டுகளாக உப்பை வெட்டியதால் அறைகள் பக்கத்துப் பாறைக்கு மிக அருகே போயிருந்தன, நிலம் அழுந்தி வெடிப்பு விட்டது. 1988-லிருந்து நாளொன்றுக்குச் சுமார் 12,000 லிட்டர் உப்புநீர் உள்ளே வருகிறது. எல்லாவற்றையும் திரும்ப வெளியே எடுப்பது என்று 2010-ல் முடிவாகி, 2013-ல் அதற்குச் சட்டமும் வந்தது. கெட்டது உப்பின் குணத்தால் இல்லை, ஏற்கெனவே குடைந்து வைத்திருந்ததால்.

"20, 30 வருஷ ஆராய்ச்சியை வெச்சுக்கிட்டு லட்சம் வருஷத்துக்கு எப்படிங்க சொல்ல முடியும்? கம்ப்யூட்டர் கணக்கை நம்பலாமா?"

லட்சம் வருடத்துக்கு இயற்கையே சில சோதனைகளைச் செய்து வைத்திருக்கிறது. ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் ஓக்லோ என்ற இடத்தில், சுமார் 200 கோடி வருடத்துக்கு முன்னால் யுரேனியத் தாது தானாகவே அணு உலையாக இயங்கியது. நிலத்தடி நீர்தான் அதை இயங்க வைத்தது. யுரேனியம்-235 வழக்கத்தைவிட ஒரு துளி குறைவாக இருப்பதைக் கவனித்து, 1972-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அங்கே உருவான புளூட்டோனியம் பெரும்பாலும் பிறந்த இடத்திலேயே சிதைந்திருக்கிறது. சீசியம், ஸ்ட்ரான்சியம், அயோடின் பெருமளவு வெளியேறிவிட்டன. கனடாவின் சிகார் ஏரியில் 430 மீட்டருக்கு மேல் ஆழத்தில், களிமண் போர்த்திய மிக வளமான யுரேனியத் தாது 130 கோடி வருடமாகக் கிடந்தது. தரைமட்டத்தில் அதற்கான கதிரியக்கத் தடயமே இருக்கவில்லை. இவை தனிமங்களின் குணத்தைக் காட்டுகின்றன. நாளை ஒருவர் தோண்டும் குழியின் தரத்துக்கு உத்தரவாதம் தராது.

கணினிக் கணக்கைப் பற்றிக் கேட்டால் ஹான்ஃபோர்டில் '300 பகுதி' (300 Area) என்று பெயரிட்ட இடத்தைச் சொல்வேன். எரிபொருள் தயாரித்த இடம், ஆற்றை ஒட்டி. 1990-களில் கணக்குப் போட்டார்கள்: கழிவு விடுவது நின்றுவிட்டது, இங்கே நீர் வேகமாக நகர்கிறது, 3 முதல் 10 வருடத்தில் யுரேனியம் ஆற்றோடு கழுவிப்போய் அளவுக்குள் வந்துவிடும், காத்திருந்தால் போதும். பத்து வருடம் ஆனது, யுரேனியம் இருந்தது. இருபது ஆனது, அப்போதும் இருந்தது. வேகக் கணக்கில் தப்பில்லை. நீர்மட்டத்துக்கு மேலே, சாதாரணமாகக் காய்ந்து கிடக்கும் மண்ணிலும் யுரேனியம் ஒட்டியிருந்தது. பனி உருகும் காலத்தில் கொலம்பியா ஆறு ஏறும்போது நிலத்தடி நீரும் ஏறி அந்த மண்ணை நனைக்கும். யுரேனியம் கொஞ்சம் கரைந்து இறங்கும். ஆறு வடிந்தால் நிற்கும், அடுத்த வருடம் மறுபடி. ஒவ்வொரு வெள்ளமும் ஒரு தவணை கொண்டுவந்து கொடுத்தது. கணக்கில் அந்த மண் அடுக்கு இல்லை.

அதைக் கண்டுபிடித்தது கிணறுகளில் மாதிரி எடுத்துக்கொண்டே இருந்தவர்கள். அளவு ஏறுகிற நாளும் ஆறு ஏறுகிற நாளும் பொருந்துவதை அவர்கள் கவனித்தார்கள். பிறகு 2015-லும் 2018-லும் அந்த அடுக்குக்குள் பாஸ்பேட் கரைசலைச் செலுத்தி யுரேனியத்தைக் கட்டிப்போட முயன்றிருக்கிறார்கள். மாதிரி எடுப்பது இன்னும் நிற்கவில்லை. எந்தத் திட்டத்திலாவது புதைத்த பிறகு கண்காணிப்புக் கிணறுகளுக்கு எத்தனை வருடத்துக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று நான் முதலில் பார்ப்பதற்கு இந்த 300 பகுதிதான் காரணம்.